வளர்ப்பு நத்தையின் மேல் உண்ணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் நாய், பூனை வளர்க்க இடமில்லாத வீட்டில்கூட ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் உள்ளங்கை அகல நத்தையும் இருப்பதைப் பார்க்கலாம். ஆப்பிரிக்க ராட்சத நத்தையை இங்கே சட்டப்படி வளர்க்கலாம். ஆரம்பப் பள்ளி வகுப்பறைகளில் இருக்கும். கோடை விடுமுறை வந்தால் யாராவது ஒரு பிள்ளை அதைத் தொட்டியோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரும். அப்படி வந்த நத்தையின் கழுத்தில் ஒரு நாள் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஓடும். அதைப் பார்த்துப் பதறியவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

நத்தையின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் ஓடுகின்றன. என்ன அவை?

உடம்பின் மேலேயே, அதுவும் வேகமாக ஓடினால், பெரும்பாலும் நத்தை உண்ணிதான். கடைகளில் 'மைட்' என்பார்கள். அறிவியல் பெயர் ரிக்கார்டோயெல்லா லிமாக்கம். நீளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. எட்டுக் கால், பூச்சி இனம் அல்ல, சிலந்தி வகையறா. ஓடு இல்லாத நத்தைகளில் இருப்பது இதன் நெருங்கிய சொந்தமான வேறொரு இனம். இரண்டும் ஒன்றென்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள், 1980-களில்தான் பிரித்துச் சொன்னார்கள்.

நத்தையின் உடம்பில் வேறு எந்தச் சிறு பிராணி ஏறினாலும் அந்தச் சளியில் ஒட்டிக்கொண்டு திணறும். இந்த உண்ணி மட்டும் அதன் மேல் சறுக்காமல் சிக்காமல் ஓடும். அந்த ஓட்டம்தான் முதல் அடையாளம்.

தொட்டி மண்ணிலும் நிறைய ஓடுகின்றன. எல்லாம் அதுதானா?

இல்லை. உண்ணி என்று நினைத்து வருகிறவர்களில் பலருக்கு இருப்பது வேறு ஏதோ ஒன்று. பயந்துபோய்த் தொட்டியையே தலைகீழாகக் கொட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஈரமண், அழுகும் வெள்ளரித் துண்டு, மிதமான சூடு. இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் சின்ன உயிர்கள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முதலில் ஸ்பிரிங்டெயில். வெள்ளையாக, கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். ஆறு கால், தலையில் கொம்பு போல உணர்விழை. விரல் நுனியால் சீண்டினால் எகிறிக் குதிக்கும், வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் வாலை விசுக்கென்று விடுவதால். பூஞ்சையையும் அழுகலையும் தின்று மண்ணைச் சுத்தமாக வைத்திருக்கும். இதைக் காசு கொடுத்து வாங்கி விடுபவர்கள் உண்டு. உங்களுக்குச் சும்மா வந்திருக்கிறது, இருக்கட்டும்.

அடுத்தது மண் உண்ணிகளும் பூஞ்சை உண்ணிகளும். உருண்டையாக, மெதுவாக நகரும். பழைய கேரட் துண்டைப் புரட்டினால் அடியில் மாவு தூவியதுபோல் கூட்டமாக இருக்கும். நத்தையைத் தொந்தரவு செய்யாது. ஓட்டின் மேல் ஒன்றிரண்டு ஏறினாலும் வழிப்போக்கர்கள்தான். பழுப்பாக, மண்ணின் மேல் விறுவிறுவென்று ஓடுவது தெரிந்தால் அது மற்ற உண்ணிகளை வேட்டையாடும் இனமாக இருக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது. கால் இல்லாமல் நெளிந்தால் மண்புழுவின் சின்ன உறவுகளோ, கருப்பான குட்டி ஈக்களின் புழுக்களோ. அதுவும் ஆபத்தில்லை, பார்க்க அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆக, மண்ணில் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. நத்தையின் தோலில் இருக்கிறதா, மூச்சுத் துளைக்குள் போய்வருகிறதா என்பதுதான் கேள்வி.

மூச்சுத் துளையா? அது எங்கே இருக்கிறது?

நத்தையை உங்களுக்கு முதுகு காட்டி, தலை எதிர்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். அது நன்றாக நீண்டு நடக்கும்போது ஓட்டின் வாயை ஒட்டித் தடித்த சதை மடிப்பு ஒன்று தெரியும். அதில் வலப்பக்கம் ஓர் ஓட்டை மெதுவாகத் திறந்து மூடும். அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது. உள்ளே இருப்பது நத்தையின் நுரையீரல். உண்ணியின் குடியிருப்பும் அதுவே. அங்கேதான் முட்டையிடும், அங்கேதான் குஞ்சு பொரிக்கும். வெளியே நீங்கள் பார்ப்பவை உலாவ வந்தவை.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் புரிந்துவிடும். ஒரு தடவை கழுவிவிட்டு 'போய்விட்டது' என்று நினைப்பவர்கள் ஏன் அடுத்த வாரமே திரும்பக் கேள்வியோடு வருகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?

இரவில் பாருங்கள். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, நத்தை தானாக வெளியே வந்து மேயும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். கழுத்து, ஓட்டு விளிம்பு, மூச்சுத் துளை ஆகிய மூன்று இடங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைப்பேசியில் நெருக்கமாக வீடியோ எடுத்து, அப்புறம் பெரிதாக்கிப் பாருங்கள். புகைப்படத்தில் நீர்த்துளியும் உண்ணியும் ஒன்றாகத்தான் தெரியும், வீடியோவில் ஓடுவது எது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

சாம்பல், பழுப்புத் தோல் உள்ள நத்தையில் சுலபமாகத் தெரியும். வெள்ளை உடம்பு நத்தையில் கஷ்டம். அதற்கு ஒரு வழி: ஈரமான கறுப்புத் தாளின் மேல் நத்தையைக் கொஞ்ச நேரம் நடக்கவிட்டு, தாளைப் பாருங்கள்.

ஒரு நாள் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று ஆகிவிடாது. அன்று எல்லாம் உள்ளே இருந்திருக்கலாம். இரண்டு மூன்று இரவுகள் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அது நத்தையை என்ன செய்யும்? உயிருக்கு ஆபத்தா?

இரத்தம் குடிக்கும். முன்பு இது சளியை மட்டும் மேய்ந்து வாழ்கிறது, தீங்கில்லாத விருந்தாளி என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் நுரையீரலின் மெல்லிய சுவர் வழியாக நத்தையின் இரத்தத்தையே உறிஞ்சுகிறது என்று தெரிந்தது. (நத்தையின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் சிவப்பாக இருக்காது, காற்றுப் பட்டால் இலேசாக நீலம் பூக்கும். கடித்த இடத்தில் இரத்தம் தெரியவில்லையே என்று தேடாதீர்கள்.)

நாலைந்து உண்ணிகளால் வளர்ந்த நத்தை செத்துவிடாது. கூட்டம் பெருகினால் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் அரியாந்தா என்னும் ஐரோப்பியக் காட்டு நத்தையை வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உண்ணி பிடித்தவை குறைவாக நடமாடின, இனப்பெருக்கம் குறைந்தது, குளிர்கால உறக்கத்தைத் தாண்டிப் பிழைப்பதும் குறைந்தது. உணவுக்காகப் பண்ணையில் வளர்க்கும் தோட்ட நத்தைகளிலும் வளர்ச்சி மந்தமாகிறது, பருவம் எய்துவது தள்ளிப்போகிறது.

வீட்டுத் தொட்டியில் நீங்கள் பார்க்கக்கூடியது: சாப்பாட்டில் நாட்டமில்லாமல் போவது, எப்போதும் ஓட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது, வளரும் நத்தை வளராமல் நிற்பது, சளி வழக்கத்துக்கு மேல் ஊறுவது. இவற்றில் பல சூடு போதாததாலும் சுண்ணாம்புச் சத்து குறைவதாலும்கூட வரும். ஆகவே அறிகுறியை மட்டும் பார்த்து உண்ணி என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணால் பார்த்தால்தான் உண்ணி.

எங்கிருந்து வந்தது? என் தொட்டி சுத்தமாகத்தானே இருக்கிறது?

சுத்தத்துக்கும் இந்த உண்ணிக்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. அழுக்குத் தொட்டியில் வருவது முன்னே சொன்ன மண் உண்ணிகள். இரத்தம் குடிக்கும் உண்ணி இன்னொரு நத்தையிடமிருந்துதான் வரும். இரண்டு நத்தைகள் இணைசேரும்போது மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். உண்ணி இடம் மாற அது போதும். நத்தை போன பின் கிடக்கும் புதுச் சளித் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தும் போகும்.

புதிதாக வாங்கிய நத்தை, பள்ளியிலிருந்து வந்த நத்தை, 'இதுவும் கூட இருக்கட்டும்' என்று பிள்ளை தோட்டத்தில் பிடித்துப் போட்ட நத்தை: நடைமுறையில் இந்த மூன்றில் ஒன்றுதான். தோட்டத்து நத்தையை நான் எப்போதும் முதலில் சந்தேகிப்பேன். காட்டில் பொறுக்கிய பாசி, இலைச்சருகு, மரப்பட்டை ஆகியவற்றில் ஒளிந்தும் வரலாம். தொட்டியில் மண்ணாகப் போடும் தேங்காய் நார்த்தூள் கட்டியிலிருந்து வருமா என்று கேட்கிறார்கள். இங்கே விற்கும் கட்டிகளில் பல இலங்கையிலிருந்தும் நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் காயவைத்து அழுத்தி வருபவை. அந்த வறட்சியில் நத்தை உண்ணி பிழைக்காது. ஈரம் இல்லாமல் அதனால் இருக்கவே முடியாது.

சரி, எப்படி ஒழிப்பது?

உண்ணியின் காலக்கணக்கை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முட்டை பொரிக்க ஒன்றிலிருந்து ஒன்றரை வாரம். முட்டையிலிருந்து முழு வளர்ச்சிவரை, நல்ல சூட்டில், சுமார் மூன்று வாரம். நுரையீரலுக்குள் இருக்கும் முட்டையை உங்களால் தொட முடியாது. அது பொரித்து வெளியே வருவதை, அடுத்த தலைமுறை முட்டையிடுவதற்குள் கழுவித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் நாலு நாள் விட்டால் பழையபடி ஆகிவிடும். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

முதல் வேலை, நத்தையைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தற்காலிகப் பெட்டிக்கு மாற்றுவது. மூடியில் காற்று ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி போதும். மண் வேண்டாம், அடியில் நனைத்துப் பிழிந்த சமையலறைக் காகிதம். தினமும் அதை மாற்ற வேண்டும். பெட்டி இரண்டு வைத்துக்கொண்டால் வசதி: ஒன்றில் நத்தை இருக்கும்போது மற்றதைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி நன்றாகக் காயவிடலாம். நத்தைகள் பல இருந்தால் முடிந்தவரை தனித்தனியாகப் பிரியுங்கள். ஒன்றில்தான் உண்ணி தெரிகிறது என்றாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்தே வைத்தியம்.

இரண்டாவது, கழுவுதல். வெதுவெதுப்பான தண்ணீர், கையில் விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். மாலையில் நத்தை முழுதாக நீண்டிருக்கும்போது எடுத்து, மெல்லிய தாரையாகக் கழுத்திலும் ஓட்டு விளிம்பிலும் ஊற்றுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டால் கட்டாயப்படுத்தாமல் காத்திருங்கள். ஓட்டைத் தண்ணீரில் இலேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தானாக வெளியே வரும். மூச்சுத் துளையை ஒட்டி இருப்பவற்றை நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கலாம். குச்சியைத் துளைக்குள் விடவே கூடாது. துளைக்குள் நேராகத் தண்ணீர் பீய்ச்சுவதும் கூடாது. அது மூச்சு விடும் வழி. ஓட்டின் சுருள் மடிப்புகளை மென்மையான பல்துலக்கியால் தேய்க்கலாம், ஆனால் விளிம்பை விட்டுவிடுங்கள். வளரும் நத்தையில் அது அப்பளம்போல் நொறுங்கும். சோப்பு ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கழுவிய தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிக் கொதிநீரும் ஊற்றிவிடுங்கள். மறுபடி பெட்டியில் விடும்போது பெட்டியும் காகிதமும் புதிதாக இருக்கட்டும், இல்லையென்றால் கழுவிய பலன் போய்விடும்.

முதல் வாரம் தினமும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். மொத்தம் ஆறு வாரம், அதாவது உண்ணியின் இரண்டு தலைமுறைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது, பழைய தொட்டி. மண்ணைக் கட்டிப் போட்டுக் குப்பையில் எறிந்துவிடுங்கள், தோட்டத்தில் கொட்ட வேண்டாம். அடுப்பில் சுட்டு மீண்டும் பயன்படுத்தலாம் என்பார்கள். சுட்டுப் பார்த்தவர்கள் வீட்டு நாற்றத்தைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். நார்த்தூள் கட்டி விலை குறைவுதான். மரத்துண்டு, பாசி இருந்தால் அவையும் போகட்டும். கல், பீங்கான், தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். தொட்டியைச் சூடான தண்ணீரில் கழுவி, மூலை முடுக்கு, மூடியின் இடுக்கு உட்பட, பல நாள் வறண்டு காயவிடுங்கள். இங்கே காயவிடுவதுதான் மருந்து. ப்ளீச் போட்டே ஆக வேண்டும் என்றால் நெடி முற்றாகப் போகும்வரை அலசுங்கள்.

இந்த ஆறு வாரமும் நத்தைக்குச் சாப்பாடு, சுண்ணாம்புச் சத்துக்கான கணவாய் ஓடு, சூடு மூன்றும் குறையக்கூடாது. உண்ணி மெதுவாகட்டும் என்று குளிரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்ணி மெதுவாகத்தான் ஆகும், கூடவே வெப்பமண்டல நத்தையும் சோர்ந்து நோயில் விழும். 20 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

வேட்டை உண்ணி வாங்கி விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

நல்ல யோசனைதான், ஆனால் 'எல்லாம்' சரியாகாது. தோட்டக்காரர்கள் தொட்டிச் செடி ஈக்களை அடக்க வாங்கும் உண்ணி இது. குழாயில் அடைத்துத் தபாலில் வரும். பெட்டியில் ஹைப்போயாஸ்பிஸ் மைல்ஸ் என்று எழுதியிருக்கும். இப்போது ஸ்டிராட்டியோலேலாப்ஸ் சிமிட்டஸ் என்கிறார்கள். பாம்பு வளர்ப்பவர்களும் கோழி வளர்ப்பவர்களும்கூட அவரவர் உண்ணிக்கு எதிராக இதை விடுவதுண்டு. பழுப்பு நிறம், ஒரு மில்லிமீட்டருக்குள். மண்ணின் மேலடுக்கில் திரிந்து, தன் அளவுக்கு ஏற்ற எதையும் பிடித்துத் தின்னும். நத்தையைக் கடிக்காது.

அதன் எல்லை எது என்றால், அது மண்ணில் வேட்டையாடுவது. நத்தையின் நுரையீரலுக்குள் போய் முட்டையைத் தேடிப் பிடிக்காது. உண்ணி வெளியே இறங்கும்போதுதான் மாட்டும். எனவே கழுவுவதற்குப் பதிலாக அல்ல, கழுவி முடித்துப் புது மண் போட்டு நத்தையைத் திரும்ப விடும்போது காவலுக்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. மண் ஈரமாகவும் சுமார் 20 டிகிரிச் சூட்டிலும் இருக்க வேண்டும், குளிர்ந்தால் சுருண்டுவிடும். உங்கள் ஸ்பிரிங்டெயில்களையும் தின்றுவிடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரை தீர்ந்ததும் தானே குறைந்து மறையும். தபாலில் வந்த அன்றே திறந்து தூவுங்கள், அலமாரியில் வைத்தால் செத்துப்போகும்.

வேப்பெண்ணெய், மஞ்சள், கற்பூரம்? எல்லாப் பூச்சிக்கும் அதைத்தானே போடுவோம்?

வேண்டாம். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வேப்பெண்ணெய் எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும் என்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. நத்தையின் தோல் திறந்த தோல். தண்ணீரும் அதில் கரைந்ததும் நேராக உள்ளே போகும். எண்ணெய் பூசினால் சளிப் படலம் கெடும், மூச்சுத் துளை அடைபடும். மஞ்சள், பட்டை, பூண்டுச் சாறு, வினிகர் எல்லாம் இதே கணக்கு. கற்பூரம், அந்துருண்டை நெடி மூடிய தொட்டிக்குள் விஷம். உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை நீர்க்கப் போட்டால்?

அதுவும் கூடாது. உண்ணியைக் கொல்லும் மருந்து நத்தையை விட்டுவைக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. மெத்தியோகார்ப் என்று ஒரு மருந்து இருந்தது: உண்ணிக்கும் அதையே அடித்தார்கள், நத்தையைக் கொல்லும் உருண்டையாகவும் அதையே போட்டார்கள். 2014-இல் ஐரோப்பாவில் அந்த உருண்டைகளை விலக்கினார்கள். ஒரே புட்டியில் இரண்டு சாவு என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். வீட்டில் நாய், பூனைக்கு முதுகில் சொட்டு மருந்து போட்டிருந்தால், அந்தக் கையோடு நத்தையைத் தொடாதீர்கள்.

எங்களுக்கோ குழந்தைக்கோ ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. இது நத்தைகளை மட்டுமே நம்பி வாழ்வது. கையில் ஏறினாலும் காய்ந்து போகும். நாய், பூனைக்கும் வராது.

கை கழுவ வேண்டியது வேறு காரணத்துக்காக. நத்தை சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். வெப்பநாடுகளில் காட்டில் திரியும் ஆப்பிரிக்க நத்தை எலி நுரையீரல் புழுவையும் சுமக்கும். அது மனிதருக்குள் போனால் மூளையுறையில் அழற்சி வரும். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த நத்தையில் புழு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, நத்தையை முகத்தில் ஊரவிட்டுப் படம் எடுக்காமல் இருப்பது இரண்டும் வீட்டு விதியாக இருக்கட்டும். நத்தை கழுவிய கிண்ணத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இரத்தம் குடிக்கும் உண்ணி இல்லை, மண் உண்ணிதான். ஆனால் எறும்புக் கூட்டம்போல் பெருகிவிட்டது. என்ன செய்ய?

சாப்பாட்டைக் குறையுங்கள். மிச்சத்தை மறுநாள் காலையே எடுத்துவிடுங்கள். மூடியில் காற்றோட்டம் கூட்டுங்கள், மண்ணைச் சதசதவென்று வைக்காதீர்கள். ஒரு வெள்ளரித் துண்டை இரவில் மண்மேல் வைத்துக் காலையில் உண்ணிகளோடு தூக்கி எறிவது நல்ல பொறி. சில வாரத்தில் தணியும்.

முட்டை இட்டிருக்கிறது. அதிலும் உண்ணி இருக்குமா?

உண்ணி முட்டைக்குள் போவதில்லை. ஆனால் முட்டை கிடக்கும் மண்ணில் இருக்கும். குஞ்சு பொரித்து அந்த மண்ணிலேயே வளர்ந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய கேள்வி, உங்களுக்கு அந்த முட்டைகள் எதற்கு? ஆப்பிரிக்க நத்தை ஒரு ஈட்டில் நூறு, இருநூறு, சமயத்தில் அதற்கு மேலும் இடும். அத்தனைக்கும் இடம் தர யாரும் இல்லை. உண்ணி வைத்தியம் நடக்கும்போது பொரிக்கவிடுவது இரட்டை வேலை. இட்ட புதிதிலேயே, கரு வளர்வதற்கு முன், உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பின் அப்புறப்படுத்துவதுதான் இங்கே வழக்கம்.

கால்நடை மருத்துவரிடம் போகலாமா?

போகலாம். பக்கத்துத் தெரு மருத்துவர் பெரும்பாலும் நத்தை பார்த்திருக்க மாட்டார். ஊர்வன, அயல் பிராணிகள் பார்ப்பவராகத் தேடி, முதலிலேயே போனில் 'நத்தை பார்ப்பீர்களா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடு உடைந்திருந்தால், உடம்பு ஓட்டை விட்டுத் தொங்கினால், ஒரு வாரமாகச் சாப்பிடாமல் நாற்றம் வந்தால் தாமதிக்காதீர்கள். வெறும் உண்ணிக்கு அவரும் 'கழுவுங்கள்' என்றுதான் சொல்வார்.

இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணிகளுக்குத்தான். நத்தை அதில் வராது. ஆகவே அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க உங்களைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.

முடியவில்லை. தோட்டத்தில் விட்டுவிடலாமா?

கூடாது. 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி இந்த நாட்டுக்குரியதல்லாத விலங்கை வெளியே விடுவது குற்றம். உண்ணியோடு விட்டால் உள்ளூர் நத்தைகளுக்கும் கேடு. பனி விழுந்தால் உங்கள் நத்தையும் சாகும். வேண்டாம் என்றால் விலங்குக் காப்பகத்தையோ வேறு வளர்ப்பவரையோ கேளுங்கள், உண்ணி இருப்பதை மறைக்காமல் சொல்லி.

சென்னையில் இருக்கும் அண்ணன் பையனும் இதே நத்தையை வளர்க்க ஆசைப்படுகிறான். சொல்லிக் கொடுக்கலாமா?

வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே இது வளர்ப்புப் பிராணி அல்ல, பயிரை அழிக்கும் அயல் உயிர். 1847-இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விட்டார். இலங்கைக்கு 1900 வாக்கில் வந்தது. இன்று கேரளத்தில் மழைக்காலம் வந்தால் வாழை, பப்பாளி, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் ஏறி நிற்கிறது, தமிழ்நாட்டிலும் பல இடங்களில் பரவியிருக்கிறது. அந்தப் பையன் வாங்க வேண்டியதில்லை, தோட்டத்தில் பிடிப்பான். எலி நுரையீரல் புழு ஆபத்து உண்மையாக இருப்பது அப்படிப்பட்ட நத்தையில்தான். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டாலும் இதே பதில். அங்கே வைத்திருப்பதே சட்டவிரோதம். ஃபுளோரிடாவில் இரண்டு முறை ஒழித்தும் 2022-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

உண்ணி போய்விட்டது என்று எப்போது நம்பலாம்? புது நத்தை சேர்க்கலாமா?

கடைசியாக ஓர் உண்ணியைக் கண்ட நாளிலிருந்து முழுதாக ஆறு வாரம் ஒன்றும் தெரியாமல் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவாவது டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒன்றைக் கண்டாலும் கணக்கு முதலிலிருந்து.

புது நத்தை வந்தால் தனிப் பெட்டியில், ஈரக் காகிதத்தின் மேல், குறைந்தது ஒரு மாதம். சாப்பாட்டுக் கிண்ணம், தண்ணீர் தெளிக்கும் புட்டி, பஞ்சுக்குச்சி எல்லாம் அதற்குத் தனி. பழைய நத்தையை முதலில் கவனித்துவிட்டுப் புதியதைத் தொடுங்கள், அந்த வரிசை மாறக்கூடாது. விற்பவர் 'எங்களிடம் உண்ணியே கிடையாது' என்று சொன்னாலும் அதே ஒரு மாதம்தான்.